அக்கா வீட்டிலிருந்து புறப்படும் தண்ணீர்

தண்ணீர் பள்ளத்தை நோக்கி ஓடும் என்று இத்தனை காலம் நம்பி வந்ததுதான் மனிதகுலத்தின் ஆகப் பெரிய மூடநம்பிக்கை. தண்ணீர், அம்புக்குறி காட்டுகிற பக்கம்தான் ஓடும். இந்தப் பேருண்மையைக் கண்டுபிடித்தது எங்கள் நகரக் குடிநீர் வாரியத்தின் வரைபடப் பிரிவு. அந்தப் பிரிவில் நான் துணை அலுவலர் என்பதைத் தன்னடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன். எங்கள் பிரிவில் தன்னடக்கம் கட்டாயம். சுற்றறிக்கையே இருக்கிறது.

முன்பெல்லாம் ஒரு தெருவில் தண்ணீர் வருகிறதா, எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் ஆள் நேரில் போய்க் குழாயைத் திறந்து பார்க்க வேண்டியிருந்தது. எவ்வளவு நாகரிகமற்ற முறை! கை நனைந்துவிடும். இந்த அவல நிலைக்கு முடிவு கட்டியவர் எங்கள் இயக்குநர். ஊரிலுள்ள குழாய்களையெல்லாம் திரையில் காட்டுகிற மென்பொருள் ஒன்றை அவர் தருவித்தார். அதில் குழாய்கள் நீலக் கோடுகளாகத் தெரியும். ஒவ்வொரு கோட்டின் மேலும் ஒரு குட்டி அம்புக்குறி உட்கார்ந்திருக்கும். கிட்டே போய்ப் பார்த்தால் அம்புகள் பெருகும், விலகிப் பார்த்தால் குறையும். ஒரு பட்டனை அழுத்தினால் அத்தனை அம்புகளும் எறும்புச் சாரைபோல ஊர ஆரம்பித்துவிடும்.

அது முதன்முதலாக ஊர்ந்த அன்று இயக்குநர் மதியச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்து போகவில்லை.

"பாத்தீங்களா, தண்ணி ஓடுது! தண்ணி ஓடுது!" என்று கண் கலங்கினார்.

அந்த நேரத்தில் எங்கள் அலுவலகக் கழிப்பறைக் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அதைப் போய் யாரும் அவரிடம் சொல்லவில்லை. ஒரு மனிதர் மனம் நெகிழ்ந்து நிற்கும்போது இதையெல்லாம் சொல்வது பண்பாடு ஆகாது.

இந்த அம்புக்குறிகளின் திசை எப்படித் தீர்மானிக்கப்படுகிறது என்று வாசகர்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். எங்கள் பிரிவில் பழைய காகிதப் படங்களைப் பார்த்துக் கணினியில் கோடு கோடாக வரைந்தவர் ஒருவர் இருக்கிறார். அவரைப் படக்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். ரொம்ப நல்லவர், யார் சொல்வதற்கும் மறுத்துப் பேசாதவர்.

"அது ஒண்ணும் இல்லைங்க. கோடு போடும்போது மவுஸை எங்க முதல்ல அழுத்துறோமோ அங்கிருந்து தண்ணி புறப்படும். எங்க முடிக்கிறோமோ அங்க போய்ச் சேரும்" என்றார் படக்காரர்.

"சரி, எங்க முதல்ல அழுத்தணும்னு எப்படி முடிவு பண்ணீங்க?"

"வெயிலைப் பார்த்துத்தான்."

"வெயிலா?"

"காலையில ஜன்னல் வழியா வெயில் வந்து ஸ்கிரீனோட வலது பக்கத்துல அடிக்கும். ஒண்ணும் தெரியாது. அதனால இடது பக்கம் ஆரம்பிச்சு, வெயில் நகர நகர வலது பக்கம் போய் முடிப்பேன். மத்தியானத்துக்கு மேல அப்படியே தலைகீழ்."

ஆக, காலையில் வரையப்பட்ட தெருக்களில் தண்ணீர் ஒரு பக்கமாகவும் மத்தியானம் வரையப்பட்ட தெருக்களில் மறு பக்கமாகவும் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு ஊரின் குடிநீரைச் சூரியனே நேரடியாக வழிநடத்துவது உலகில் வேறு எங்காவது உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. ஜன்னலுக்கு ஒரு திரைச்சீலை வாங்கக் கோரி படக்காரர் கொடுத்த மனு அப்போது 'பரிசீலனையில்' இருந்தது. நல்லவேளை, அது நிறைவேறவில்லை.

இப்போது என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். குடும்ப விஷயத்தை அலுவலக விஷயத்தோடு கலப்பது எனக்குப் பிடிக்காது. ஆனால் தண்ணீர்க் குழாய் அதைக் கலந்துவிட்டது.

மேட்டிலிருக்கும் பெரிய தொட்டியிலிருந்து ஒரு குழாய் இறங்கி வரும். முதல் மூலையில் ஒரு வால்வு. அங்கிருந்து சரிவான ஒரு தெரு. அந்தத் தெருவின் கடைசி வீடு அக்காவுடையது. வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்கிற காப்பகம் ஒன்றை அந்த வீட்டில் நடத்துகிறாள். அத்தான் போன பிறகு அவள் ஒற்றை ஆளாய் எழுப்பி நிறுத்திய இடம் அது. தவழுகிறவை, தள்ளாடி நடக்கிறவை, எதைப் பார்த்தாலும் வாயில் போட்டுக்கொள்கிறவை என்று எல்லா வகையும் அங்கே உண்டு. குழந்தைகளைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. அவற்றைக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது மட்டும் தெரியும்.

மூலை வால்வுக்குப் பக்கத்தில் குழாய் ஒழுகுகிறது என்று எங்கள் குழாய்க்காரர் போய் வால்வை மூடிவிட்டு ஒட்டுப் போட்டார். வேலை முடிந்ததும், பழைய வழக்கப்படி வால்வைத் திறக்கச் சாவியை எடுத்திருக்கிறார். ஆனால் புதிய விதிப்படி, எந்த வால்வைத் திறப்பதாக இருந்தாலும் முதலில் படத்தைப் பார்த்து அனுமதி வாங்க வேண்டும். எங்கள் பிரிவுக்குப் போன் செய்தார். படக்காரர் திரையைப் பார்த்தார்.

அந்தத் தெரு காலையில் வரையப்பட்ட தெரு. தண்ணீர் அக்கா வீட்டில் புறப்பட்டு, தெருவில் ஏறி, வால்வைக் கடந்து, தொட்டியில் போய் விழுந்துகொண்டிருந்தது. அந்தக் கணக்கில், மூலை வால்வு என்பது 'கடைமுனை வால்வு'. கடைமுனை வால்வைத் திறந்து வைத்தால் தண்ணீர் வீணாக வெளியேறும் என்பதால் அதை எப்போதும் மூடியே வைக்க வேண்டும் என்பது விதி.

"மூடியே வைங்க. திறந்தா தண்ணி டேங்குக்குள்ள போயிடும்" என்றார் படக்காரர்.

"டேங்குக்குள்ளதானே இருக்கு தண்ணி?" என்று குழாய்க்காரர் கேட்டாராம்.

"அது உங்க கருத்து" என்று படக்காரர் போனை வைத்துவிட்டார். யார் சொல்வதற்கும் மறுத்துப் பேசாதவர் அன்று மறுத்துப் பேசினார். அம்புக்குறி ஒரு மனிதனுக்குத் தரும் தைரியம் அப்படிப்பட்டது.

தெரு வறண்டது. அக்கா புகார்ப் பிரிவுக்குப் போன் செய்தாள். புகார்ப் பிரிவுப் பெண்மணி படத்தைப் பார்த்துவிட்டு மிகுந்த மரியாதையோடு பதில் சொல்லியிருக்கிறார்.

"தண்ணி வரலைன்னு நீங்க புகார் குடுக்க முடியாதுங்க மேடம்."

"ஏன்?"

"உங்க வீட்டுக்குத் தண்ணி வர்றதே இல்லை. உங்க வீட்டுலேருந்துதான் போகுது."

அதோடு நிற்காமல், தெருவில் மற்றவர்கள் போன் செய்தபோது, "உங்க பகுதிக்குக் கடைசி வீட்டுலேருந்துதான் விநியோகம். அவங்ககிட்ட விசாரிச்சுக்குங்க" என்றும் வழிகாட்டியிருக்கிறார். சாயங்காலம் எதிர்வீட்டுப் பெரியவர் காலி வாளியோடு அக்கா வீட்டு வாசலில் நின்றார்.

"ஏம்மா, இத்தனை வருஷமா பழகுறோம். ஒரு வார்த்தை சொல்லாம தண்ணியை நிறுத்திட்டியே?"

அக்காவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. உள்ளே ஒரு குழந்தை வேறு ஏதோ காரியத்தை முடித்துவிட்டுக் கழுவ ஆள் வேண்டும் என்று அலறிக்கொண்டிருந்தது.

அன்று அவள் எனக்குப் போன் செய்தாள். எடுத்த எடுப்பில் கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"வியாழக்கிழமை சுகாதார ஆய்வாளரம்மா வர்றாங்கடா. குழாயைத் திறப்பாங்க. தண்ணி வரலைன்னா அன்னைக்கே பூட்டுப் போட்டுட்டுப் போயிடுவாங்க. போன மாசம் ரெண்டு காப்பகத்தை அப்படித்தான் பூட்டினாங்க."

"அக்கா, நீ கவலைப்படாத. உரிய நடவடிக்கை..."

"நடவடிக்கை எல்லாம் வேண்டாம். ஒரு ஆளை அனுப்பி அந்த மூலை வால்வைத் திருப்பச் சொல்லு. கையால திருப்புற சமாச்சாரம்டா அது."

"அது கடைமுனை வால்வு அக்கா."

"கேன் தண்ணி வாங்கி டம்ளர்ல மொண்டு மொண்டு கழுவிவிடுறேன். ஒவ்வொண்ணும் சில்லுன்னு இருக்குன்னு கத்துது" என்று மட்டும் சொன்னாள். எனக்கு அழுகை வந்தது. அலுவலக நேரம் என்பதால் அடக்கிக்கொண்டேன்.

உடன்பிறந்த பாசம் என்னைச் செயலில் இறக்கியது. நான் உடனடியாக ஒரு கூட்டத்துக்கு ஏற்பாடு செய்தேன்.

கூட்டம் புதன்கிழமை மதியம் நடந்தது. இயக்குநர், படக்காரர், குழாய்க்காரர், நான். சுவரில் பெரிய திரை. அதில் அக்காவின் தெரு நீலமாக ஊர்ந்துகொண்டிருந்தது. பார்க்கவே குளுமையாக இருந்தது.

"இவ்வளவு தண்ணி ஓடுற தெருவுல தண்ணி இல்லைன்னு எப்படிச் சொல்றாங்க?" என்று இயக்குநர் உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

"அம்பு தலைகீழா இருக்கு சார்" என்றார் குழாய்க்காரர்.

பிறர் வீட்டுக் கல்யாணத்தில் பழைய கடனைப் பற்றிப் பேசியவரைப் பார்ப்பதுபோல எல்லோரும் அவரைப் பார்த்தோம்.

"திருப்ப முடியுமா?" என்று இயக்குநர் படக்காரரைக் கேட்டார்.

"தாராளமா முடியும் சார். கோட்டு மேல வெச்சு ரைட் கிளிக் பண்ணினா 'திசை மாற்று'ன்னு வரும். ஆனா இந்தத் தெருவை மட்டும் திருப்பினா மூலையில தண்ணி தானா ஊத்தெடுக்குற மாதிரி ஆயிடும். அங்க தப்புன்னு ஒரு சிவப்புப் புள்ளி விழும். அதுக்காக டேங்க் பைப்பைத் திருப்பணும். அதைத் திருப்பினா பக்கத்துத் தெருவுல புள்ளி விழும். அப்படியே போனா..."

"போனா?"

"ஊரையே திருப்பணும் சார்."

இயக்குநர் நாற்காலியில் சாய்ந்தார். மென்பொருள் நிறுவனம் எங்கள் ஊருக்கு 'ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லாத நகரம்' என்ற பட்டயத்தை அறிவித்திருந்தது. அதை வாங்கிக்கொள்ளப் புதுச் சட்டைகூடத் தைத்தாகிவிட்டது.

"நிதானமா யோசிப்போம். ஊருக்குத் தண்ணி முக்கியமா, படத்துல புள்ளி இல்லாம இருக்கிறது முக்கியமா?" என்றார்.

இது சுலபமாகப் பதில் சொல்லக்கூடிய கேள்வி அல்ல என்பதில் கூட்டம் ஒருமனதாக இருந்தது. துணைக்குழு ஒன்று அமைக்கலாம், அம்புகளின் நிறத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்கிப் பார்க்கலாம் என்ற அளவுக்கு விவாதம் முன்னேறிய நேரத்தில் கதவு திறந்தது.

அக்கா. கையில் ஒரு காலி வாளி. இடுப்பில் ஒரு குழந்தை. யாருடையது என்று தெரியவில்லை, பொதுவாகப் பிசுபிசுப்பாக இருந்தது.

"யாரு இவங்க?" என்றார் இயக்குநர்.

"எங்க அக்கா சார். அந்தத் தெருவோட கடைசி வீடு."

இயக்குநர் திரையைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். மெதுவாக எழுந்து நின்றார்.

"கடைசி வீடு இல்லை. முதல் வீடு. அம்மா, நீங்கதானா அது? உட்காருங்க, உட்காருங்க!"

எங்கள் இயக்குநர் உட்காரச் சொல்லி நான் இதற்கு முன் கேட்டதில்லை. அக்கா உட்காரவில்லை. வாயைத் திறந்தால் என்னென்ன வரும் என்று எனக்குத் தெரியும், ஆகையால் நான் மேஜையைப் பார்த்துக்கொண்டேன். ஆனால் அவள் திட்டவில்லை. திரைக்குக் கிட்டே போய் அந்த அம்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். தன் வீட்டில் விரலை வைத்து, தெருவோடு நகர்த்தி, தொட்டி வரைக்கும் கொண்டுபோனாள். குழந்தை அதே வழியில் எச்சில் விரலை இழுத்துக்கொண்டு போனது.

"அப்போ இந்தப் படத்துல இருக்கிறபடி ஊருக்குத் தண்ணி குடுக்குறது நான்தான்?"

"சந்தேகமே வேண்டாம்மா" என்று இயக்குநர் கை குவிக்காத குறையாகச் சொன்னார்.

"படம் தப்பா இருக்குமோ?"

"வாய்ப்பே இல்லை."

"அப்போ சரி. நான் நிறுத்திக்கிறேன்."

"எதை?"

"குடுக்குறதை. இன்னையோட சரி. எத்தனை நாளைக்குத்தான் நான் ஒருத்தியே ஊருக்கெல்லாம் குடுத்துக்கிட்டிருக்கிறது? ஒரு நன்றி உண்டா, ஒரு வார்த்தை உண்டா? மனசு விட்டுப்போச்சு."

இயக்குநர் மேஜையைச் சுற்றிக்கொண்டு அவளிடம் ஓடி வந்தார். அவர் படத்தை நம்பியவர். அரைகுறையாக அல்ல, முழுசாக. தொட்டி வற்றுவதும் ஊரே வாளியோடு தன் வீட்டு வாசலில் நிற்பதும் அவர் கண்முன் ஓடியிருக்க வேண்டும். புதுச் சட்டையும் ஓடியிருக்கலாம்.

"அம்மா, அப்படிச் சொல்லாதீங்க. குழந்தை குட்டிங்க இருக்கிற ஊரு."

"என் வீட்டுலயும் குழந்தைங்கதான் இருக்கு."

"நாங்க என்ன செய்யணும்? சொல்லுங்க, இப்பவே செய்றோம்."

அக்கா குழந்தையை இடுப்பில் ஏற்றிப் பிடித்துக்கொண்டாள்.

"நான் குடுக்க மாட்டேன்னா சொல்றேன்? என்னைக் குடுக்க விட்டாத்தானே! மூலையில ஒரு வால்வை மூடி வெச்சிருக்கீங்க. என் தண்ணி அதைத் தாண்டி உங்க டேங்குக்கு எப்படி வரும்? முட்டிக்கிட்டு நிக்குது. முதல்ல அதைத் திறந்துவிடுங்க."

இயக்குநர் படத்தைப் பார்த்தார். வால்வு இருந்தது. மூடியிருந்தது. அம்புகள் அதில் வந்து முட்டிக்கொண்டிருந்தன. அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"எவ்வளவு பெரிய தப்பு நடந்திருக்கு! குடுக்கிற கையை நாமளே கட்டிப் போட்டிருக்கோமே! போங்க, உடனே திறங்க!"

குழாய்க்காரர் ஏற்கனவே வாசலைத் தாண்டிவிட்டிருந்தார். அக்கா வாளியை எடுத்துக்கொண்டு அவர் பின்னாலேயே போனாள். என்னைத் தாண்டும்போது மட்டும் ஒரு பார்வை பார்த்தாள். சின்ன வயதில் நான் கணக்கில் கோட்டை விட்டுவிட்டு வரும்போது பார்ப்பாளே, அதே பார்வை.

அன்று சாயங்காலம் அந்தத் தெருக் குழாய்களெல்லாம் இருமின, பிறகு செம்மண் நிறத்தில் துப்பின, பிறகு தெளிந்து கொட்டின. வியாழக்கிழமை ஆய்வாளரம்மா வந்தார். குழாயைத் திறந்தார். தண்ணீர் அவர் சேலை வரைக்கும் தெறித்தது. தலையாட்டிவிட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அக்கா அன்று எல்லாக் குழந்தைகளையும் இரண்டு முறை குளிப்பாட்டினாளாம். அழுக்குக்காக ஒரு தடவை, ஆசைக்காக ஒரு தடவை.

இது முழுக்க முழுக்க எங்கள் படத்துக்குக் கிடைத்த வெற்றி.

"பாத்தீங்களா? அந்தம்மா மனசு வெச்சாங்க, தண்ணி வந்துடுச்சு. படம் சொன்னது சரிதானே!" என்று இயக்குநர் எல்லோரிடமும் சொன்னார். பட்டயம் வந்தது. சட்டையும் நன்றாகப் பொருந்தியது.

ஆனால் விஷயம் வெளியே கசிந்துவிட்டது. எங்கள் ஊரில் தண்ணீரைவிட வேகமாகக் கசிவது செய்திதான். 'அம்பு வீட்டிலிருந்து புறப்பட்டால் அலுவலகம் எழுந்து நிற்கிறது' என்று தெரிந்ததும் வறண்ட தெருக்காரர்கள் எல்லோரும் மனுவோடு வந்துவிட்டார்கள். 'எங்கள் வீட்டையும் தண்ணீர் வழங்கும் இடமாக அறிவிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.' இயக்குநர் இளகிய மனம் படைத்தவர். தண்ணீர் கேட்டிருந்தால் கொடுத்திருக்க முடியாது. அம்புக்குறிதானே கேட்கிறார்கள்? கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார். படக்காரர் வெயில் பாராமல் வரைந்தார். ஒவ்வொரு வீட்டிலும் முதல் கிளிக். தண்ணீர் எல்லா வீடுகளிலிருந்தும் புறப்பட்டது.

வால்வைத் திறக்கச் சொல்லிச் சிலர் கேட்டார்கள். அதற்குத் தனி மனு கொடுக்க வேண்டும். அது 'பரிசீலனையில்', திரைச்சீலைக்குப் பின்னால், இருக்கிறது.

இதில் ஒரு பெரிய நன்மை விளைந்தது. தண்ணீர் பெறுகிறவர்தான் வரவில்லை என்று புகார் கொடுக்கலாம், வழங்குகிறவர் கொடுக்க முடியாது என்பது விதி. இப்போது ஊரில் பெறுகிறவர் என்று யாருமே இல்லை. புகார்ப் பிரிவில் போன் அடிப்பது நின்றுபோனது. அந்தப் பெண்மணி இப்போது ஸ்வெட்டர் பின்னுகிறார். புகாரே இல்லாத குடிநீர் வாரியம் என்று அடுத்த பட்டயத்துக்கு எங்கள் பெயர் போயிருக்கிறது.

ஒரே ஒரு சிக்கல்தான் வந்தது. மென்பொருள் முரண்டு பிடித்தது. எல்லோரும் கொடுத்தால் வாங்குவது யார், யாராவது ஒருவராவது வாங்கியாக வேண்டும் என்று திரை முழுக்கச் சிவப்பாக மின்னியது. தொட்டியைக் காட்டலாம் என்றால், தொட்டிக்கும் ஒரு காவலாளி இருக்கிறார், அவரும் மனு கொடுத்திருந்தார். மனு கொடுக்காத கட்டடம் ஊரில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம்.

"நம்ம ஆபீஸையே போட்டுடுங்க. ஊருக்காக நாம இதுகூடச் செய்யலைன்னா எப்படி?" என்றார் இயக்குநர்.

சிவப்பு மறைந்தது. படத்தைச் சுவரளவுக்கு அச்சடித்து அலுவலக வாசலில் மாட்டினோம். காலி வாளியோடு வருகிறவர்கள் உள்ளே வருமுன் அதைப் பார்க்காமல் வர முடியாது.

போன வாரம் அக்கா எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள். நான் பெருமையோடு வெளியே போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"எப்படிக்கா இருக்கு?"

"ஊர்ல இருக்கிற அத்தனை வீட்டு அம்பும் உங்க ஆபீஸைத்தானேடா காட்டுது?"

"ஆமாக்கா. ஒண்ணு விடாம."

அவள் டிபன் பாத்திரத்தை என் கையில் வைத்தாள்.

"இப்பத்தான்டா உங்க படம் சரியா இருக்கு."

எங்கள் துறைக்கு வெளியிலிருந்து வந்த முதல் பாராட்டு. நான் ஓடிப்போய் இயக்குநரிடம் சொன்னேன். அவர் நெகிழ்ந்துபோய், அதை அப்படியே பெரிய எழுத்தில் படத்துக்குக் கீழே எழுதி வைக்கச் சொல்லிவிட்டார்.